அதே அக்ரோ ஒரு இலையில் வேலை செய்கிறது, இன்னொன்றில் இல்லை. செல் பரப்பில் என்ன நடக்கிறது?

பிப்ரவரி 8, மாலை. வாசகர் கேள்வி

அக்கா, எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்கிறேன். செடிக்குள் மரபணு ஏற்ற ஜி.வி.3101 ரக அக்ரோபாக்டீரியம் (அக்ரோ), ஒரே பிளாஸ்மிட் (மரபணு சுமக்கும் டி.என்.ஏ. வளையம்). புகையிலை இனமான பெந்தாமியானாவின் இலையில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஏற்றினால் மூன்றாம் நாள் பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதம் பளிச்சென்று தெரிகிறது. கடுகுக் குடும்ப ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸின் இலையில் அதையே செய்தால் ஒன்றுமில்லை, இலை மஞ்சளாகிப் போகிறது. ஆனால் அதே அராபிடாப்சிஸின் பூங்கொத்தை அதே அக்ரோவில் முக்கினால் விதையில் டிரான்ஸ்ஜெனிக் (புது மரபணு ஏறிய) செடி கிடைக்கிறது. "அராபிடாப்சிஸ் இலை அப்படித்தான், பிடிவாதம் பிடிக்கும்" என்கிறார்கள் சீனியர்கள். இதெல்லாம் ஒரு காரணமா?

பிப்ரவரி 8, இரவு

காரணமே இல்லை, தம்பி. செடிக்குப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லாமல் போகிறது. அந்தச் சொல்லை ஆய்வகங்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

உங்கள் அராபிடாப்சிஸ் இலை அக்ரோவை அடையாளம் கண்டுகொள்கிறது. எதை வைத்துக் கண்டுகொள்கிறது என்பது 2006-லேயே தெரிந்துவிட்டது. சிரில் சிஃபெல், ஜார்ஜ் ஃபெலிக்ஸ், தாமஸ் போலர், ஜொனாதன் ஜோன்ஸ் முதலானோர் அந்த ஆண்டு 'செல்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: ஈ.எஃப்.ஆர். என்ற ஏற்பி, அக்ரோபாக்டீரியம் வழியான மரபணு மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஈ.எஃப்.ஆர். செல் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் புரதம். லூசின் நிறைந்த மடிப்புகள் கொண்ட பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மற்ற புரதங்களுக்கு பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் பாகம் உள்ளே இருக்கும். வெளியே ஒன்று வந்து ஒட்டினால் உள்ளே சமிக்ஞை கிளம்பும்.

வந்து ஒட்டுவது எது? ஈ.எஃப்.-டியூ என்ற பாக்டீரியப் புரதத்தின் முனைத் துண்டு. பாக்டீரியா செல்லில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் அது ஒன்று. ரைபோசோமுக்கு அமினோ அமிலம் ஏற்றிய டி.ஆர்.என்.ஏ.வைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அது செல்லுக்குள் இருக்க வேண்டிய சாமான். ஆனாலும் வீட்டுக்குள் தாளிக்கிற வாசனை தெருவுக்கு வந்துவிடுவதுபோல அது வெளியே கசிகிறது. அதன் முதல் 18 அமினோ அமிலங்கள், முனையில் ஓர் அசிட்டைல் குழுவோடு, இவ்வளவு இருந்தால் அராபிடாப்சிஸுக்குப் போதும். அந்தத் துண்டைத்தான் எல்ஃப்18 என்கிறோம்.

ஈ.எஃப்.ஆர். பழுதான மியூட்டன்ட் இலைகளில் நீல நிறம் காட்டும் கஸ் மரபணு சுமந்த அக்ரோவை ஏற்றிப் பார்த்தார்கள். சாதாரணச் செடியில் கொஞ்சம்தான் நீலம். மியூட்டன்டில் நன்றாகவே நீலம். பாக்டீரியா மாறவில்லை, பிளாஸ்மிட் மாறவில்லை. செடியின் பரப்பில் ஒரு புரதம் குறைந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, காலை

பெந்தாமியானா ஏன் விடுகிறது என்று நேற்று சொல்லவில்லை. ஈ.எஃப்.ஆர். கடுகுக் குடும்பத்தின் சொத்து. புகையிலை, தக்காளி, கத்தரி குடும்பத்தில் அது கிடையாது. எல்ஃப்18-ஐ பெந்தாமியானா இலையில் ஏற்றினால் அது கண்டுகொள்ளாது. அதே கட்டுரையில் ஈ.எஃப்.ஆர். மரபணுவை பெந்தாமியானா இலையில் தற்காலிகமாக வெளிப்படுத்திக் காட்டினார்கள். உடனே அந்த இலை எல்ஃப்18-க்கு எதிர்வினை செய்ய ஆரம்பித்தது. உள்ளே கம்பி இழுப்பு முழுக்கத் தயாராக இருந்திருக்கிறது, வெளியே பார்க்கிற கண் மட்டும்தான் இல்லை.

சரி, கசையிழை? பாக்டீரியாவின் வாலில் இருக்கும் ஃப்ளஜெல்லின் புரதத்தை எஃப்.எல்.எஸ்.2 என்ற இன்னொரு ஏற்பி பிடிக்கும். அது கிட்டத்தட்ட எல்லாப் பூக்கும் செடிகளிலும் உண்டு. பெந்தாமியானாவிலும் உண்டு, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தால் பிடித்துவிடும். ஆனால் அக்ரோவின் ஃப்ளஜெல்லினில் அந்த ஏற்பி தேடும் 22 அமினோ அமிலப் பகுதி (ஃப்ளெஜ்22) வேறு மாதிரி மாறியிருக்கிறது. ஃபெலிக்ஸ் குழு 1999-லேயே இதைக் கவனித்தது. ஆக எஃப்.எல்.எஸ்.2 இருந்தும் அக்ரோ அதன் கண்ணில் படுவதில்லை.

அக்ரோ இரண்டு ஏற்பிகளிடமும் சிக்காததால்தான் பெந்தாமியானா நம் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை.

பிப்ரவரி 9, மதியம்

ஒன்று சேர்க்க வேண்டும். "பெந்தாமியானா எப்போதும் விடும்" என்று மேலே உள்ளதை வாசிக்காதீர்கள். பூ எடுத்த செடியில் ஏற்றிப் பாருங்கள், ஜி.எஃப்.பி. மங்கிவிடும். "வயசான செடி" என்று சொல்லித் தூக்கிப் போடுவோம். இதற்கும் பெயர் வைத்த புரதம் இருக்கிறது. பாக்டீரியாவின் குளிர் அதிர்ச்சிப் புரதத்திலிருந்து வரும் சி.எஸ்.பி.22 என்ற துண்டை உணரும் ஏற்பி அமைப்பு பெந்தாமியானாவில் செடியின் வயதைப் பொறுத்துத்தான் வேலை செய்கிறது என்று 2016-ல் வந்தது. இளசாக இருக்கும்போது அந்த உணர்வு இல்லை, முற்றின பிறகு வருகிறது, வந்ததும் அக்ரோவின் வேலை குறைகிறது. தக்காளியில் இதே துண்டை உணர்வது கோர் என்ற ஏற்பி, அதுவும் 2016 கண்டுபிடிப்பு.

நாலைந்து வாரச் செடி, பூ மொட்டு தெரிவதற்கு முன் என்று எல்லா நெறிமுறையிலும் எழுதியிருப்பதற்கு அடியில் இது இருக்கிறது. அனுபவத்தில் வந்த விதிக்குப் பின்னால் ஒரு ஏற்பி நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 9, இரவு

கீழே ஒருவர் "அப்படியானால் பூவை முக்கினால் மட்டும் எப்படி வருகிறது, பூவில் ஈ.எஃப்.ஆர். இல்லையா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் இதை முதலில் கணக்காகப் பார்ப்பேன். க்ளஃப், பென்ட் இருவரும் 1998-ல் பூ முக்கும் முறையை எழுதியபோது நூறு விதைக்கு ஒன்றிரண்டு டிரான்ஸ்ஜெனிக் கிடைத்தால் அதுவே பெரிய வெற்றி. ஆயிரக்கணக்கான விதையைத் தட்டில் தூவி, ஆன்டிபயாடிக்கில் பிழைத்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தோற்ற 99 விதையை யாரும் எண்ணுவதில்லை. இலையில் அப்படி இல்லை. நூறு செல்லில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று எழுதிவிடுவோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அடுத்தது இடம். முக்கும்போது அக்ரோ போய்ச் சேரும் இலக்கு சூல். அராபிடாப்சிஸ் பூவின் சூலகம் மலர்வதற்குச் சில நாள் முன்பு வரை மேலே மூடாமல் திறந்தே இருக்கும், அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. சூலகம் கடைசிவரை மூடாத கிராப்ஸ் கிளா என்ற மியூட்டன்டில் இந்த முறை இன்னும் பல மடங்கு நன்றாக வேலை செய்தது. அதனால்தான் விரிந்த பூவை விட்டுவிட்டு மொட்டுக் கொத்தை முக்கச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 11

ஏற்பி பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு லூமினால் சோதனையைச் சொல்கிறேன் (பெராக்சைடு பட்டால் ஒளிரும் பொருள் லூமினால்). பெரிய செலவில்லை, ஒளி அளக்கும் பிளேட் ரீடர் மட்டும் வேண்டும்.

கார்க் போரரால் இலையில் சின்ன வட்டங்கள் வெட்டி, 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாகத் தண்ணீரில் மிதக்க விட்டு, இரவு முழுக்க மூடி வைக்க வேண்டும். இதை அவசரப்படுத்தவே கூடாது. வெட்டியதே செடிக்கு ஒரு காயம், அந்தக் கலவரம் அடங்க நேரம் கொடுக்க வேண்டும். மறுநாள் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு லூமினால், குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ், அப்புறம் நூறு நானோமோலார் அளவில் எல்ஃப்18 பெப்டைட். போட்டதும் தட்டை ரீடருக்குள் தள்ளிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

முதல் ஓரிரு நிமிடம் கோடு தரையோடு கிடக்கும். பிறகு கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சி, அரை மணி தாண்டினால் இறக்கம். இலைத் துண்டு அந்தச் சில நிமிடத்தில் உமிழும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அது. பக்கத்துக் குழியில் ஈ.எஃப்.ஆர். மியூட்டன்ட் இலை, அதே எல்ஃப்18. கோடு தட்டையாகவே கிடக்கும். ஒரு ஏற்பி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரமே இதைச் செய்யக் கொடுக்க வேண்டும்.

அக்ரோவின் பக்கம் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. செடியின் காயத்திலிருந்து வரும் அசிட்டோசிரிங்கோன் என்ற பொருளை அக்ரோவின் விர்-ஏ புரதம் உணர்ந்து, விர்-ஜி வழியாக மற்ற விர் மரபணுக்களை எழுப்பி, குழாய் கட்டி, செடிக்குள் போக வேண்டிய டி-டி.என்.ஏ. துண்டை உரித்து அனுப்ப மணிக்கணக்காகும். செடி அதற்குள் பெராக்சைடு, கால்சியம், மேப் கைனேஸ், எத்திலீன் என்று எல்லாவற்றையும் கிளப்பிவிட்டிருக்கும். எத்திலீனும் சாலிசிலிக் அமிலமும் அக்ரோவின் விர் மரபணுக்களையே மட்டுப்படுத்துகின்றன. ஓட்டம் தொடங்கும் முன்பே செடி முந்திவிடுகிறது.

பிப்ரவரி 12

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "மேப் கைனேஸை அக்ரோவே தனக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறது, வி.ஐ.பி.1 கதை படித்ததில்லையா" என்று எழுதியிருக்கிறார். படித்திருக்கிறேன். 2007-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தற்காப்பு எழுந்ததும் எம்.பி.கே.3 கைனேஸ் வி.ஐ.பி.1 புரதத்துக்கு பாஸ்பேட் ஒட்டும், அது உட்கருவுக்குப் போகும், அதோடு டி-டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டு போகும் என்பது வாதம். அழகான வாதம், பாடப் புத்தகங்களுக்கும் போய்விட்டது. ஆனால் 2014-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸ்டான்டன் கெல்வின் ஆய்வகம் வி.ஐ.பி.1 இல்லாத செடிகளைக் கவனமாகச் சோதித்து, டிரான்ஸ்ஃபார்மேஷன் (மரபணு ஏறுவது) குறையவில்லை என்று காட்டிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது இரண்டு ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பிப்ரவரி 13, இரவு

இதுவரை தடுக்கும் புரதங்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டால் படம் கோணலாகிவிடும்.

அதே கெல்வின் குழு தலைகீழாகத் தேடியது. அக்ரோ ஏறவே ஏறாத அராபிடாப்சிஸ் மியூட்டன்டுகளைத் தேடிப் பிடித்து அவற்றுக்கு 'ராட்' என்று பெயர் வைத்தார்கள். ராட்1-ல் பழுதானது ஏ.ஜி.பி.17, செல் பரப்பில் இருக்கும் அராபினோகலக்டன் புரதம். புரதத்தைவிட அதன்மேல் படர்ந்திருக்கும் சர்க்கரைதான் அதிகம். அது குறைந்தபோது வேரில் அக்ரோ ஒட்டுவதே குறைந்தது. ராட்4-ல் பழுதானது செல் சுவருக்குப் பாலிசாக்கரைடு செய்யும் சி.எஸ்.எல்.ஏ.9 மரபணு. வேரின் பரப்பு சரியில்லையென்றால் பாக்டீரியாவுக்குப் பிடிமானமே இல்லை.

2004-ல் அதே குழு வேறொரு தூண்டில் போட்டது. அக்ரோவின் குழாயைக் கட்டும் விர்-பி2 புரதத்தோடு ஒட்டும் செடிப் புரதம் எது என்று தேடியதில் பி.டி.ஐ. என்ற குடும்பம் சிக்கியது. அவை குறைந்த செடியில் டிரான்ஸ்ஃபார்மேஷன் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2013-ல் வந்தது. எம்.டி.எஃப்.1 என்ற புரதம் பழுதான செடியில் அக்ரோ வழக்கத்தைவிட நன்றாக ஏறுகிறது. அந்தப் புரதத்தின் அளவைக் குறைப்பது சைட்டோகைனின் என்ற ஹார்மோன். அந்த சைட்டோகைனினைச் சுரப்பது அக்ரோ. ஒட்டுவதற்கு முன்பே செடியின் பரப்பைத் தனக்கு ஏற்றாற்போல் மாற்றச் சொல்லி அனுப்புகிறது! காலஸ் (உருவமில்லாத செல் திரள்) வளர்க்க சைட்டோகைனின் ஊற்றும் நாம் அது செல்லைப் பிரிய வைப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 14

விட்ரோனெக்டின் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கேரட் செல்களில் அக்ரோ ஒட்ட விட்ரோனெக்டின் போன்ற புரதம் உதவுகிறது என்று 1992-ல் வந்தது. பின்னால் வந்த சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. தேர்வில் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 16

இந்த இழை ஏற்பிகளைச் சுற்றியே போனதால் ஒருவர் தன் தக்காளி கோட்டிலிடன் (விதையிலை) துண்டுகள் எல்லாம் பழுத்துப்போனதற்குக் கோர் ஏற்பிதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டார். பொறுங்கள். உங்கள் அறை எத்தனை டிகிரி?

ஆர்மின் பிரவுன் 1940-களிலேயே பார்த்தது: 32 டிகிரியில் அக்ரோ செடியில் உண்டாக்கும் கழலை (கட்டி) வராது. விர்-ஏ, விர்-ஜி அமைப்பு அந்தச் சூட்டில் வேலை செய்வதில்லை. அதற்குக் கீழேயும் குழாய் கட்டுவதில் வித்தியாசம் உண்டு. டி.என்.ஏ. கடத்தலுக்கு 19 டிகிரிதான் மிக நல்லது என்று 1996-ல் ஃபுல்னரும் நெஸ்டரும் காட்டினார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இரவு ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். மே மாத இரவில் கோ-கல்டிவேஷன் தட்டுகள் (செடித் துண்டும் அக்ரோவும் சேர்ந்து வளரும் தட்டுகள்) என்ன சூட்டில் இருந்திருக்கும் என்று நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளை 22 டிகிரியில் பி.ஓ.டி. இன்குபேட்டருக்குள் மாற்றிய பிறகு கஸ் நிறம் வந்த விதமே வேறு. வெட்டு விளிம்பு முழுக்க நீலக் கோடு. 70 சதவீத எத்தனாலில் பச்சையத்தை எடுத்த பிறகு, வெளுத்த துண்டின் ஓரத்தில் மட்டும் அந்த நீலம் நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

ஆகவே ஏற்பியைக் குற்றம் சொல்வதற்கு முன் பாக்டீரியாவின் பக்கம் சரியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வழி சுலபம்: ஒவ்வொரு முறையும் அதே அக்ரோ கல்ச்சரை ஓர் இளம் பெந்தாமியானா இலையிலும் ஏற்றி வையுங்கள். அங்கேயும் ஒளிரவில்லை என்றால் கோளாறு அக்ரோவில், பிளாஸ்மிடில், சூட்டில். அங்கே ஒளிர்ந்து உங்கள் பயிரில் மட்டும் ஒளிரவில்லை என்றால் அப்புறம் செடியின் பரப்பைப் பற்றிப் பேசலாம்.

பிப்ரவரி 19

கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். பின்னூட்டத்தில் ஒருவர் நெல் எழுதியதால்.

செல் பரப்பு ஏற்பி என்பது ஆய்வகச் சமாசாரம் மட்டும் என்று நினைப்பவர்கள் எக்ஸ்.ஏ.21-ஐப் பார்க்க வேண்டும். பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் இந்த மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான ஒரைசா லாஞ்சிஸ்டாமினாடாவிலிருந்து வந்தது. குர்தேவ் குஷ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தார். 1995-ல் பமேலா ரொனால்ட் குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அது லூசின் மடிப்புகளும் கைனேஸும் கொண்ட பரப்பு ஏற்பி என்று தெரிந்தது. எஃப்.எல்.எஸ்.2 தெரிவதற்கு முன், ஈ.எஃப்.ஆர். தெரிவதற்கு வெகு முன். அது பிடிப்பது ராக்ஸ்-எக்ஸ் என்ற பெப்டைடை என்று தெளிய 2015 ஆனது. நடுவில் வேறொரு புரதம்தான் அது என்று சொன்ன கட்டுரை 2013-ல் திரும்பப் பெறப்பட்டது, திரும்பப் பெற்றவர்களே பிறகு சரியானதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று வாங்கிச் சாப்பிடும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, இந்த நோய்க்கு எளிதில் விழும். ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும் செல் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து எக்ஸ்.ஏ.21, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 மூன்றையும் மார்க்கர் வழித் தேர்வில் அதற்குள் சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை 2008-ல் வெளியிட்டன. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல, கலப்பு செய்து எடுத்தது.

இதில் எக்ஸ்.ஏ.13 நம் பேச்சுக்கு மிகப் பொருத்தம். அதன் சாதாரண வடிவம் செல் சவ்வில் சர்க்கரையை வெளியே விடும் ஸ்வீட் குடும்பப் புரதம். பாக்டீரியா தன் புரதம் ஒன்றை உள்ளே அனுப்பி அந்த மரபணுவின் முன்பகுதியில் உட்கார வைத்து அதைத் தூண்டிவிடும். செடி சர்க்கரையைக் கசியவிடும், பாக்டீரியா தின்னும். எதிர்ப்பு வடிவத்தில் அந்த முன்பகுதி மாறியிருப்பதால் பாக்டீரியாவால் தூண்ட முடியாது. ஆக ஒரே நெல்லில் ஒரு பரப்புப் புரதம் பாக்டீரியாவைப் பிடித்துக் கொடுக்கிறது, இன்னொன்று பாக்டீரியாவுக்குச் சோறு போடாமல் இருக்கிறது.

பிப்ரவரி 20

தக்காளிக்காரர்களுக்கு. ஈ.எஃப்.ஆர்.-ஐத் தக்காளியில் வைத்தால் என்ன ஆகும் என்று 2010-லேயே செய்துவிட்டார்கள், 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்தது. வாடல் நோய் தரும் ரால்ஸ்டோனியாவுக்கு அந்தத் தக்காளி நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஈ.எஃப்.ஆர். ஏற்றிய பெந்தாமியானாவில் அக்ரோவின் கழலையும் குறைந்தது. பிறகு ஃப்ளோரிடாவில் வயலில் நட்டும் பார்த்தார்கள், மிளகாயிலிருந்து எடுத்த பி.எஸ்.2 மரபணுவோடு சேர்த்து. 2018-ல் வந்த முடிவு வயலிலும் நல்ல பலன் என்றது.

வாடல் நோய் வந்த தக்காளி வயலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலையில் பச்சையாக நின்ற செடி இலை பழுக்காமலேயே துவண்டு தொங்கும். தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகப் பால்போல் இழை இறங்கும். அதுதான் பாக்டீரியா. மருந்தடித்துக் காப்பாற்ற வழியில்லை.

இதில் ஒன்றை யோசித்தேன். ஈ.எஃப்.ஆர். இல்லாததால்தான் தக்காளி அக்ரோவுக்குக் கொஞ்சமாவது இடம் கொடுத்தது, அதனால்தான் ஈ.எஃப்.ஆர்.-ஐயே உள்ளே அனுப்ப முடிந்தது. அப்படி வந்த செடியில் அடுத்த மரபணுவை அக்ரோ வழியாக ஏற்றுவது கடினமாக இருக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் முதலிலேயே ஒன்றாகக் கட்டி அனுப்பிவிட வேண்டும்.

பிப்ரவரி 22, இரவு

"அப்படியானால் எல்லாப் பயிரிலும் ஏற்பியை கிரிஸ்பரால் வெட்டிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மேஷன் பிரச்சினை தீர்ந்ததே" என்ற யோசனைக்கு வருகிறேன். ஆய்வகச் செடிக்குச் சரி. வயலுக்குப் போகும் ரகத்தில் வேண்டவே வேண்டாம். பிறகு கலப்பு செய்து ஏற்பியைத் திரும்பச் சேர்க்கலாம் என்பீர்கள், வாழை, கரும்பு மாதிரி பயிரில் அது சுலபமா? செடியின் கண்ணை நிரந்தரமாகக் குத்துவதைவிட இரண்டு நாள் மூடி வைப்பது எவ்வளவோ மேல்.

மூடி வைக்க வழிகள் இருக்கின்றன. சூடோமோனாஸின் ஏ.வி.ஆர்.-பி.டி.ஓ. புரதம் இந்த ஏற்பிகளின் கைனேஸையே முடக்கும். அதைத் தற்காலிகமாக வெளிப்படுத்திய அராபிடாப்சிஸ் இலையில் அக்ரோ நன்றாக ஏறியது என்று 2012-ல் காட்டினார்கள். ஆனால் அதற்கு முதலில் ஒரு டிரான்ஸ்ஜெனிக் செடி வேண்டும். 2022-ல் கிரண் மைசூர் குழு அந்தச் சிக்கலையும் தாண்டியது: சூடோமோனாஸின் மூன்றாம் வகைச் சுரப்புக் குழாயையே அக்ரோவுக்குள் வைத்து, அக்ரோவே அந்த முடக்கும் புரதங்களைச் செடிக்குள் செலுத்தும்படி செய்தது. கோதுமையிலும் குதிரைமசாலிலும்கூடப் பலன் தெரிந்தது. எத்திலீன் பக்கம், ஜப்பானில் எசுரா குழு எத்திலீனின் முன்பொருளை உடைக்கும் நொதியை அக்ரோவுக்குக் கொடுத்து முலாம்பழத்தில் காட்டியது. சோயாவில் சிஸ்டீன் சேர்ப்பதும், மீடியத்தில் சில்வர் நைட்ரேட் போடுவதும் இதே வேலையின் எளிய வடிவங்கள். முதலாவது காயம் பழுப்பதைக் குறைக்கும், இரண்டாவது எத்திலீன் உணர்வை மறிக்கும். பாட்டில் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும், எந்தக் கட்டத்தை மறிக்கிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

பிப்ரவரி 23

மேலே, அக்ரோவின் கசையிழை எஃப்.எல்.எஸ்.2 கண்ணில் படாது என்று எழுதினேன். ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. வட அமெரிக்கக் காட்டுத் திராட்சை வைட்டிஸ் ரைபேரியாவில் எஃப்.எல்.எஸ்.2-எக்ஸ்.எல். என்ற வடிவம் இருக்கிறது, 2020-ல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் வந்தது. அது அக்ரோவின் ஃப்ளஜெல்லினைப் பிடித்துவிடுகிறது. திராட்சைக்குக் கழலை பழைய பகை. பாக்டீரியா ஒளித்து வைத்ததை ஒரு காட்டுக்கொடி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. காட்டு இனங்களின் விதையைச் சேமிக்க வேண்டும் என்று சொல்லும்போது நான் இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

பிப்ரவரி 26

கேள்வி கேட்ட தம்பி, ப்ராஜெக்டுக்கு நாள் குறைவு என்று தனியாக எழுதியிருந்தீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

இலைதான் வேண்டுமென்று கட்டாயம் இல்லையென்றால் இளம் நாற்றுக்குப் போய்விடுங்கள். 2014-ல் வந்த அக்ரோபெஸ்ட் முறையில் நாற்றை அக்ரோவோடு சேர்த்து வளர்க்கும் மீடியத்தை பி.எச். 5.5-ல் பஃபர் வைத்து நிறுத்துகிறார்கள். அந்தப் பஃபரை விட்டுவிடாதீர்கள், முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஈ.எஃப்.ஆர். மியூட்டன்ட் விதை ஸ்டாக் சென்டரில் கிடைக்கும், வழிகாட்டியிடம் சொல்லி இன்றே கேட்டு வையுங்கள். சாதாரணச் செடியும் மியூட்டன்டும் பக்கத்தில் பக்கத்தில், கூடவே பெந்தாமியானா ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் உங்கள் முடிவு எப்படி வந்தாலும் ஆய்வறிக்கையில் எழுத விஷயம் இருக்கும்.

தக்காளி, கத்தரி, வாழை என்று வேறு பயிரில் மாட்டிக்கொண்டு இதைப் படிப்பவர்கள் அடுத்த ஸ்ட்ரெயினை வாங்குவதற்கு முன் லூமினால் தட்டில் மூன்று பெப்டைடையும் போட்டுப் பாருங்கள்: ஃப்ளெஜ்22, எல்ஃப்18, சி.எஸ்.பி.22. எந்தக் கோடு எழுகிறது, செடியின் எந்த வயதில் எழுகிறது, கோட்டிலிடனிலா இலையிலா என்று குறித்து வையுங்கள். வேறு ஏற்பிகளும் இருக்கலாம், எனவே சூட்டில் கொன்ற அக்ரோவையே ஒரு குழியில் போடுவதும் நல்லது. யாருக்காவது வாழை இலைத் துண்டு தண்ணீரில் கறுத்துப்போகாமல் இரவு தாங்கினால் எப்படி வைத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். எனக்கு அது வேண்டும்.